வாய்க்கால் ஓரம்: வாசகர் கேள்விகளும் ஒரு டீச்சரின் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. கடலூர்ப் பக்கம் கல்லூரியில் நிறவெறி பற்றிய வரலாற்று நாவல் ஒன்று பாடமாக வந்திருக்கிறது. மாணவிகள் எழுதினார்கள், அவர்களின் அம்மாக்கள் எழுதினார்கள், கதை எழுதுகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கல்லூரி மாணவி, மஞ்சக்குப்பம், கடலூர்: அன்புள்ள டீச்சர், எங்களுக்கு ஓர் அமெரிக்க நாவல் பாடம். 1930-களில் தென்மாநிலம் ஒன்றில் வாழும் கறுப்பினக் குடும்பத்தின் கதை. ‘முரண் எது, கருப்பொருள் எது?’ என்று பரீட்சையில் கேட்டார்கள். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் நடக்கும் போராட்டம் முரண், நிறவெறி தவறு என்பது கருப்பொருள் என்று எழுதினேன். பத்துக்கு மூன்றுதான் போட்டார்கள். நான் எழுதியதில் என்ன தப்பு?

தப்பு எதுவும் இல்லை, மகளே. ஆனால் நீ எழுதிய பதிலை அந்த நாவலைப் படிக்காமலேயே எழுதிவிடலாம். மார்க் அங்கேதான் போயிருக்கிறது.

‘கருப்பொருள்’ என்ற சொல்லையே கொஞ்சம் பார்ப்போம். இன்று ஒரு கதை எதைப் பற்றியது என்பதைக் கருப்பொருள் என்கிறோம். தொல்காப்பியத்தில் அதன் இடம் வேறு. முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும். கருப்பொருள் என்றால் அந்த நிலத்துக்குரிய தெய்வம், உணவு, மரம், பறவை, பறை, தொழில். பிரிவு, காத்திருப்பு, இரங்கல், ஊடல் எல்லாம் உரிப்பொருள். இன்றைக்கு நாம் கருப்பொருள் என்று சொல்வது பழைய கணக்கில் உரிப்பொருளுக்குத்தான் நெருக்கம். நான் வகுப்பில் இருந்த நாளெல்லாம் வரலாற்று நாவலை இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டுதான் சொல்லிக்கொடுத்தேன். முதலில் நிலமும் பொழுதும். அடுத்து அந்த ஊரின் பொருட்களில் ஒன்றைக் கையில் எடுக்க வேண்டும். உரிப்பொருளை அந்தப் பொருள் காட்டிக்கொடுக்கும்.

நம் ஊரிலிருந்தே ஒன்று சொல்கிறேன். புதுச்சேரி, 1873. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம். பிரெஞ்சுக்காரர்களே வைத்த பெயர்கள் இவை. அப்போது பொன்னுத்தம்பி பிள்ளை என்று ஒரு வழக்கறிஞர் இருந்தார். ஒரு நாள் ஐரோப்பியர் அணியும் ஷூ அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார். அந்தக் காலணியோடு உள்ளூர்க்காரர் உள்ளே வரக் கூடாது என்றார் நீதிபதி. பொன்னுத்தம்பி விடவில்லை. வழக்கு கடல் கடந்து பாரிசிலிருந்த உச்ச நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பு அவர் பக்கம் வந்தது.

இதை ஒரு கதையாக நினைத்துப் பார். முரண் எது? கறுப்பர், வெள்ளையர் என்று எழுதினால் ஷூ காணாமல் போய்விடும். அவர் அந்த நீதிமன்றத்தின் சட்டத்தைப் படித்தவர், அதே சட்டத்தைச் சொல்லி வழக்காடுகிறவர். அந்தக் காலத்துப் புதுச்சேரிக்காரர்கள் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். ஓட்டுப் போடும் கைக்கு உரிமை உண்டு, அதே உடம்பின் காலுக்குக் கிடையாது. சட்டப் புத்தகம் சொல்வதற்கும் வாசற்படி சொல்வதற்கும் இடையில் ஒரு மனிதர் மாட்டிக்கொண்டு நிற்கிறார். முரண் அதுதான். அவருக்குள்ளேயும் ஒன்று நடந்திருக்கும். கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனால் கட்சிக்காரரின் வழக்கு நடக்கும், கழற்றாவிட்டால் தன் பிழைப்பே போகலாம். அந்த வாசலில் அவர் நின்ற நேரத்தை ஒரு நல்ல எழுத்தாளர் பத்துப் பக்கம் எழுதுவார்.

உரிப்பொருளைக் கண்டுபிடிக்க அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். திருமணம், வாரிசு போன்றவற்றுக்குச் சாதி, மத வழக்கப்படி இருந்த தங்கள் தனிநபர் சட்டத்தைத் துறந்துவிட்டுப் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் கீழ் வரலாம் என்று 1881-ல் ஓர் ஆணை வந்தது. துறந்தவர்கள் பிரெஞ்சுப் பாணியில் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பொன்னுத்தம்பி வைத்துக்கொண்ட பெயர் ‘லா போர்த்’. கதவு என்று பொருள். இன்றைக்கும் லப்போர்த் வீதி இருக்கிறது, நம் பிள்ளைகள் அதில்தான் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஆனால் 1884-ல் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். ஐரோப்பியர் ஒரு பட்டியல், துறந்தவர் ஒரு பட்டியல், துறக்காதவர் ஒரு பட்டியல். கதவு திறந்தது, உள்ளே போனால் இன்னொரு நடை. இப்போது சொல், ‘நிறவெறி தவறு’ என்பது இந்தக் கதைக்குப் போதுமா? சமமாக மதிக்கப்பட ஒருவன் தன்னுடையதில் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது, விட்டுக்கொடுத்த பிறகாவது சமம் கிடைத்ததா? இந்தக் கதை கேட்பது அதைத்தான். அதை எழுதியிருந்தால் நானே பத்துக்கு ஒன்பது போட்டிருப்பேன்.

உன் நாவலுக்குத் திரும்பு. அமெரிக்காவில் 1896-ல் உச்ச நீதிமன்றம் ‘தனித்தனியாக, ஆனால் சமமாக’ என்று ஒரு கோட்பாட்டுக்கு முத்திரை குத்தியது. பள்ளிகளைப் பொறுத்தவரை 1954 வரை அது உடையவில்லை. அந்தக் காலத்துத் தென்மாநிலங்களில் வெள்ளைப் பிள்ளைகள் படித்துத் தேய்த்த புத்தகங்கள் கறுப்பினப் பள்ளிகளுக்கு வருவது பல ஊர்களில் வழக்கம். குடிதண்ணீர்க் குழாய் வேறு, ரயில் பெட்டி வேறு. உன் நாவலிலும் இப்படி ஒரு பொருள் கட்டாயம் இருக்கும். புத்தகமோ, பேருந்தோ, ஒரு துண்டு நிலமோ. அது யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்குப் போகிறது, போகும்போது யார் என்ன இழக்கிறார்கள் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வா. யார் தோற்றார்கள் என்பதோடு நிறுத்தாதே. ஜெயித்தவருக்கு அது எவ்வளவு செலவானது என்றும் பார். கருப்பொருள் பெரும்பாலும் அந்தச் செலவில்தான் இருக்கும்.

கதை எழுதும் வாசகர், அரியாங்குப்பம்: என் முன்னோர் ஒருவர் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ரெயூனியன் தீவின் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் போனவர். அவரைக் கதையாக எழுதுகிறேன். நாயகன் தோட்ட முதலாளியைப் பார்த்து ‘மனிதர் அனைவரும் பிறப்பால் சமம்’ என்று பேசுகிறான். அந்தக் காலத்தில் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள் என்கிறார் நண்பர். சரியா?

உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. அந்த எண்ணம் அந்தக் காலத்தில் இல்லாமல் இல்லை. மனிதர்கள் சுதந்திரமாகவும் உரிமையில் சமமாகவும் பிறக்கிறார்கள் என்று 1789-லேயே பிரெஞ்சுக்காரர்கள் பிரகடனம் செய்துவிட்டார்கள். அடிமைமுறையை 1794-ல் ஒழித்தார்கள், 1802-ல் மறுபடியும் கொண்டுவந்தார்கள், 1848-ல் இரண்டாவது முறையாக ஒழித்தார்கள். அடிமைகள் விடுதலையானதும் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம்மவர்களைக் கப்பலேற்றியது அதனால்தான். உங்கள் கதையின் முரணுக்கு வேர் இதுதான். ஒரு நாடு தன் வாயால் சொன்ன சொல்லுக்கும் தன் சர்க்கரைக்கும் நடுவில் இழுபட்டது.

சொற்பொழிவைத்தான் எடுத்துவிடச் சொல்வேன். தோட்டத்தில் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் நிற்கும் ஒருவர் பிரகடனத்தை நினைத்துக்கொண்டு நிற்க மாட்டார், நாளை எண்ணிக்கொண்டு நிற்பார். காய்ச்சலில் படுத்த மூன்று நாளைக் கணக்குப்பிள்ளை எப்படி எழுதினார் என்று கேட்பார். கேட்பதற்கு முன்னால் சுவரில் தான் கரியால் போட்ட கோடுகளைத் திரும்ப எண்ணுவார். ‘எனக்கு நாள் கணக்குத் தெரியும் துரை’ என்று ஒரே ஒரு வரி சொல்லட்டும். சமத்துவம் முழுக்க அதிலேயே இருக்கிறது. முதலாளி அந்த வரியைக் கேட்டுவிட்டு என்ன செய்கிறார் என்பதை எழுதுங்கள், கதை தானாக நகரும்.

ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்: மகளின் பாடப் புத்தகத்தில் கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இப்படியெல்லாம் அச்சிடத்தான் வேண்டுமா? வீட்டில் சத்தமாகப் படிக்கவே கூச்சமாக இருக்கிறது.

அந்தக் கூச்சம் நல்லதம்மா. உங்கள் மகளுக்கும் அது இருக்கட்டும்.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: கூலி. நம் ஊரில் வேலை முடிந்து சாயங்காலம் கையில் வாங்கும் காசு. மானமுள்ள சொல். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கான முதல் ஒப்பந்தக் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பரில் போய்ச் சேர்ந்தது. அந்த மண்ணில் ‘கூலி’ என்பது இந்தியர் எல்லோரையும் மட்டம்தட்டும் வசையாக மாறியது. வக்கீல் உடை போட்ட காந்தியைக்கூட அங்கே ‘கூலி பாரிஸ்டர்’ என்றார்கள். வசதியான வியாபாரி வேறு, வக்கீல் வேறு, தோட்டத்தில் வேலை செய்பவர் வேறு என்ற வித்தியாசத்தையெல்லாம் அந்த ஒரு சொல் துடைத்துப்போட்டது. எதிரில் நிற்பவர் யார் என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் செய்வதுதான் வசைச்சொல்லின் வேலை.

வரலாற்றுக் கதையிலிருந்து அதை நீக்கிவிட்டால், பேசியவன் மரியாதைக்காரன் ஆகிவிடுவான். அது நடந்ததற்குத் துரோகம். அதற்காகக் கதாசிரியர் இஷ்டத்துக்குத் தெளிக்கவும் கூடாது. பாத்திரம் சொல்லலாம், கதை சொல்லும் குரல் சொல்லக் கூடாது. நான் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான். வகுப்பில் வாசிக்கும்போது அந்த இடத்தில் நான் நிறுத்துவேன். சொல்லை உச்சரிக்க மாட்டேன். ‘இங்கே ஒரு வசை இருக்கிறது, அது யாருடைய முகத்தில் விழுகிறது என்று பாருங்கள்’ என்பேன். பிள்ளைகள் தலைகுனிந்து அந்த வரியைத் தாங்களே படிப்பார்கள். நீங்களும் மகளோடு அப்படிச் செய்துபாருங்கள்.

வாசகர், நெல்லித்தோப்பு: இந்த மாதிரிக் கதைகளில் கடைசியில் ஒரு நல்ல வெள்ளைக்காரர் வந்து காப்பாற்றுகிறாரே, ஏன்?

வாசகர் பெரும்பாலும் வெள்ளையராக இருந்த காலத்தில், அவர்கள் தங்களைப் பொருத்திப் பார்க்க ஒரு நல்ல மனிதர் கதைக்குள் தேவைப்பட்டார். நல்லவர்கள் இருந்திருக்கிறார்கள், அதை மறைக்க வேண்டாம். பொன்னுத்தம்பிக்குத் தீர்ப்புச் சொன்னவர்கள் பாரிஸ் நீதிபதிகள்தானே. ஆனால் அந்தக் கதையை அவர்களிடமிருந்து தொடங்கினால் கெட்டுப்போகும். மேல்முறையீடு எழுதிய ராத்திரி, அதற்கான செலவு, பதில் வரும்வரை ஊரார் பேசிய பேச்சு எல்லாம் இங்கே, வாய்க்காலுக்கு மேற்கே நடந்தவை. கதையில் முடிவெடுப்பவர் யார் என்று பாருங்கள். அடிபட்டவர் கடைசிவரை காத்துக்கொண்டு மட்டும் இருந்தால் எழுதியவர் அவரைப் பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஆசிரியப் பயிற்சி மாணவர், முத்தியால்பேட்டை: நிறவெறிக் கதைகளைப் படித்துக் கண்ணீர் விடுகிற நாம் நம் சாதியைப் பற்றி ஏன் பேசுவதில்லை? இரண்டும் ஒன்றுதானா?

இந்தக் கேள்விக்குத்தான் இந்த மாதம் அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டும் ஒன்றல்ல. நிறம் பார்த்தவுடன் தெரியும், சாதியை விசாரித்துத் தெரிந்துகொள்கிறார்கள். ஒன்று அடிமைக் கப்பலிலிருந்து வளர்ந்தது, இன்னொன்று ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கும் பாதையில் வளர்ந்தது. ஆனாலும் ஒன்று மற்றொன்றை அடையாளம் கண்டுகொள்ளும். மார்ட்டின் லூதர் கிங் 1959-ல் இந்தியா வந்தபோது, திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குப் போனார். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார். முதலில் அவருக்குச் சுருக்கென்றிருந்தது. பிறகு யோசித்துப் பார்த்து, ஆமாம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டதாகப் பின்னாளில் ஒரு பிரசங்கத்தில் சொன்னார்.

நம் ஊர்ச் செய்தியும் உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் வருகிறது. சம்பா கோயில் என்னும் கிறிஸ்தவத் தேவாலயத்துக்குள்ளே, தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைத் தனியாகப் பிரித்து நிறுத்த ஒரு சுவர் இருந்தது. பாதிரியார் அதை இடிக்கச் செய்தார். கொதித்தெழுந்தவர்கள் சாதிக் கிறிஸ்தவர்கள். வெள்ளைக்காரர் ஆட்சியில், தாங்களே வாய்க்காலுக்கு மேற்கே நிறுத்தப்பட்டவர்கள், கோயிலுக்குள் தங்களுக்கென்று ஒரு வாய்க்கால் கேட்டார்கள்.

இதற்கு மேல் சரித்திரம் வேண்டாம், என் வீட்டுக்கு வாருங்கள். என் ஆயா, அப்பாவைப் பெற்றவள், வெள்ளைக்காரத் துரை ஒருவர் வீட்டில் துணி துவைத்தாள். முத்தியால்பேட்டையிலிருந்து நடந்தே போய் நடந்தே வருவாள். அந்த வீட்டின் பின்கட்டில், கிணற்று மாடத்தில், அவளுக்கென்று ஒரு தகரக் குவளை வைத்திருந்தார்கள். குசினியில் வரிசையாகப் பீங்கான் கோப்பை இருக்கும், அதை அவள் கழுவலாம், அதில் குடிக்கக் கூடாது. மற்றவர்கள் குவளையோடு கலந்துவிடக் கூடாதென்று ஆணியால் அடியில் ஒரு பெருக்கல் குறி கீறி வைத்திருந்தார்கள். துரை குடும்பம் கப்பலேறிய அன்று சம்பளப் பாக்கியோடு அந்தக் குவளையையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டில் அதில் உப்பு வைத்திருந்தாள். பழைய பாத்திரக்காரர் வரும்போதெல்லாம் அம்மா போடச் சொல்வாள், ஆயா விடமாட்டாள்.

எனக்கு எட்டு வயது. பின்சந்தில் கக்கூஸ் வாளி எடுக்க ஓர் அம்மா வருவார். சித்திரை வெயில். ‘ஆத்தா, தண்ணி’ என்று வாசலுக்கு வெளியே குந்தினார். ஆயா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்த அம்மா இரண்டு கையையும் குவித்து வாயோடு வைத்துக்கொண்டார். ஆயா படியிலேயே நின்று, முழங்கை உயரத்திலிருந்து ஊற்றினாள். பாதித் தண்ணீர் கைமுட்டி வழியாக ஓடிப் புடவையை நனைத்தது. குடித்து முடித்து அவர் தலையை ஆட்டினார், ஆயா செம்பை நிமிர்த்தினாள். நான் கேட்டேன், ‘அந்தத் தகரக் குவளையில குடுத்திருக்கலாமில்ல, ஆயா?’

ஆயா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கோபமில்லை. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோலத் திரும்பினாள். பிறகு செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரி உப்பை வேறு ஜாடிக்கு மாற்றினாள். மறுநாள் தண்ணீர் எப்படிக் கொடுத்தாள் என்று கேட்பீர்கள். அதே செம்பில், அதே உயரத்திலிருந்து. குவளை மாடத்தில் காலியாக இருந்தது.

முப்பது வருஷமாக இதைக் கதையாக எழுதப் பார்க்கிறேன். ஆயாவைக் கெட்டவளாக்கினால் பொய். பாவம், காலம் அப்படி என்று எழுதினால், புடவை நனைந்த அந்த அம்மாவுக்கு நான் செய்யும் அநியாயம். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது, எங்கள் வீட்டில் யாரும் கேட்டுவைக்கவில்லை. அவர் கோணத்திலிருந்து எழுதத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறேன், அந்த வரியில் ஒரு பெயர் வர வேண்டும். நீங்கள் கேட்ட ‘ஏன் பேசுவதில்லை’ என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்: அமெரிக்கக் கதையில் நாம் அடிபட்டவர் பக்கம் நின்றுகொள்ளலாம். நம் கதையில் நாம் படியில், செம்போடு நிற்கிறோம். நீங்கள் வகுப்பெடுக்கப் போகிறவர். நிறவெறிக் கதையை நடத்தி முடித்த மறுநாள், ‘உங்கள் வீட்டில் யாருக்காவது தனி டம்ளர் உண்டா?’ என்று மட்டும் பிள்ளைகளைக் கேளுங்கள். கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். எழுதித் தரச் சொல்லுங்கள்.

வாசகி, கடலூர் முதுநகர்: புதுச்சேரியைப் பின்னணியாக வைத்து நிறவேற்றுமை பற்றி ஒரு வரலாற்று நாவல் எழுத ஆசை. எங்கிருந்து தொடங்க?

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பிலிருந்து தொடங்குங்கள். 1736 முதல் 1761 வரை எழுதியிருக்கிறார். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், அதனால் வாய்க்காலின் இரண்டு கரையும் அவருக்குத் தெரியும். முழுக்கப் படிக்க மலைப்பாக இருந்தால் 1745-லிருந்து 1748 வரை மட்டும் படியுங்கள். மேலே சொன்ன சுவர் அதில் வரும், வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதும் வரும். அவரும் தன் காலத்துச் சாதிக் கண்ணோடு பார்த்தவர்தான், அதை மறக்காமல் படிக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு ரோமன் ரோலந்து நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், 1827-ல் தொடங்கிய நூலகம் அது.

படிக்கும்போது போர், ஒப்பந்தம், கவர்னர் பெயரெல்லாம் குறித்துக்கொண்டு திணற வேண்டாம். ஒரு நோட்டில் பொருட்களை மட்டும் எழுதி வாருங்கள். பல்லக்கு, வெற்றிலைத் தட்டு, செருப்பு, சால்வை, யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் நின்றார்கள். ஐம்பது பக்கம் சேர்ந்ததும் எனக்கு எழுதுங்கள்.